அவள் படத்துக்குக் கீழே என் பேச்சு

எனக்கு வாய் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரேஷன் கடையில் யாராவது தயங்கி நின்றால் அவர்களுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லி, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதெல்லாம் என்னிடம் உள்ள நல்ல குணம் என்றே முப்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தைரியசாலி, நாலு பேருக்கு உதவுகிறவள் என்று மற்றவர்களும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு பேச்சைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்ற ஆசையெல்லாம் இல்லை. குறைய வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

கார்கில் சண்டை நடந்த கோடை அது. நான் தாம்பரம் கிழக்கில் குடியிருந்தேன். கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலை எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் புறப்படுகிற மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. எழுதிக் கொடுத்த உரிமை கிடையாது. ஆனாலும் எங்களுடையதுதான். தாம்பரத்தில் வண்டி கிளம்புவதால் இடம் கிடைக்கும். முதலில் வருகிறவள் கைக்குட்டை, டிபன் பை, கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டு ஆறு பேருக்கு இடம் பிடித்துவிடுவாள். ஒரு பள்ளிக்கூட டீச்சர், வங்கியில் வேலை பார்த்த ஓர் அக்கா, டெலிபோன் ஆபீஸ்காரிகள் இரண்டு பேர், நான். ஆறாவது ஆள்தான் அவள்.

தினம் ஒருத்தி பேப்பர் வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் முறை. வாங்குவது யாராக இருந்தாலும் வாசிப்பது நான்தான். மற்றவர்களுக்குக் கை ஒழியாது. டீச்சர் விடைத்தாள் திருத்துவார். வங்கி அக்கா சாயங்காலச் சமையலுக்குப் பீன்ஸ் நறுக்குவார். டெலிபோன்காரிகள் பூ கட்டுவார்கள். நான் தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பித்து உரக்கப் படிப்பேன். படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிற ஆளில்லை. ஒவ்வொரு செய்திக்கும் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பல்லாவரம் வருவதற்குள் அது எல்லோருடைய அபிப்பிராயமும் ஆகிவிடும்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியிலிருந்து பேப்பரில் வேறு செய்தியே இல்லை. டிவியைப் போட்டால் பனிமலை, பீரங்கி, தேசியக் கொடி போர்த்திய பெட்டிகள். நாங்கள் கொதித்துப் போயிருந்தோம். எல்லைக் கோட்டைத் தாண்டுவதா வேண்டாமா என்று டெல்லியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெட்டியில் அதை எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றாள் ஒரு டெலிபோன்காரி. ஆற்றுத் தண்ணீரை நிறுத்தினால் தானாக வழிக்கு வருவார்கள் என்றார் பீன்ஸ் நறுக்கிய அக்கா. உலகக் கோப்பை கிரிக்கெட்டில் நாம் அவர்களைத் தோற்கடித்த மறுநாள் டீச்சர் வண்டி முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

பல்லாவரத்தில் ஏறுகிற ஒரு வயதான நர்ஸம்மா மட்டும் ஒரு நாள், ரெண்டு பக்கமும் பெத்தவங்க வயிறுதானே எரியுது, பேசித் தீர்த்துக்கொண்டால் தேவலை என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அவர் மேல் பாய்ந்தோம். நான்தான் முதலில் பாய்ந்தேன். மாம்பலத்தில் அவர் இறங்குகிற வரை விடவில்லை. மறுநாளிலிருந்து அவர் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார். ஒரு இடம் காலியானது என்று நாங்கள் சிரித்தோம்.

இந்த அமளியில் வாயே திறக்காதவள் எங்கள் ஆறாவது ஆளான அவள் ஒருத்திதான். அவள் புருஷன் அங்கேதான் இருந்தார்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டி வீடு. இரண்டு பெண் குழந்தைகள், மாமியார். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. பெருங்களத்தூரிலேயே ரயில் ஏறலாம். ஆனால் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது என்று பஸ் பிடித்துத் தாம்பரம் வருவாள். அவளை எங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதே நான்தான். ஒரு நாள் இன்லண்ட் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அட்ரஸை இங்கிலீஷில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். புருஷன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். நம்பர், ரேங்க், பெயர், யூனிட் என்று வரிசையாக எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் எங்கேயோ போய்விடுமாம். அதிலிருந்து வாரா வாரம் அட்ரஸ் எழுதுவது என் வேலையானது. இரண்டு வருஷத்தில் எனக்கே அது மனப்பாடம்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அக்டோபரில் அவருக்குப் பதினேழு வருஷ சர்வீஸ் முடிகிறது. பென்ஷனோடு வந்துவிடுவார். மேலும் இரண்டு வருஷம் இருக்க விருப்பமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டப் போகிறார். வீட்டுச் சுவர் இன்னும் பூசாமல் செங்கல்லாகவே இருக்கிறது. அவர் வந்துதான் பூச வேண்டும். பெரிய பெண்ணுக்கு அப்பா முகம் லீவுக்கு லீவு மறந்து போகிறது. இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. அட்ரஸ் எழுதுகிற நேரத்தில் ஒவ்வொரு துண்டாகச் சொன்னது.

சண்டை ஆரம்பித்த பிறகு வாரக் கடிதம் இரண்டு நாளுக்கு ஒன்று ஆனது. அவரிடமிருந்து வருவது நின்றுபோனது. ஒரு முறை டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டதற்கு, "மேல எங்கியோ கீறாராம்க்கா. எடம் எழுத மாட்டாரு" என்றாள். அவ்வளவுதான். நான் செத்தவர்கள் பட்டியலைப் படிக்கும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தும் நான் குரலைத் தாழ்த்தியதில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் தாம்பரத்தில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது, கழுத்தில் காமிராவோடு ஒரு நிருபர் எங்கள் பெட்டி வாசலில் வந்து நின்றார். போரைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவருடைய பத்திரிகை கருத்துக் கேட்கிறதாம். பெயரும் படமும் போடுவார்களாம். எங்களுக்குக் கேட்க வேண்டுமா? டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். வங்கி அக்கா பீன்ஸைப் பைக்குள் தள்ளினார். மூன்று பேர் சொன்னார்கள், நானும் சொன்னேன். நிருபர் எழுதிக்கொண்டாரே தவிர முகத்தில் திருப்தி இல்லை. ஏற்கனவே நாலு ஸ்டேஷனில் கேட்ட அதே பேச்சு போலிருக்கிறது.

அவர் கிளம்பப் பார்த்தபோது நான் விடவில்லை. எங்களை விடுங்கள் சார், இவர் வீட்டுக்காரர் அங்கேதான் சண்டையில் இருக்கிறார், இவரைக் கேளுங்கள் என்று அவளைக் காட்டினேன். நிருபர் முகம் மலர்ந்தது. அவள் தலையை ஆட்டினாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். மனதில் இருப்பதைச் சொன்னால் போதும் என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவுரு அக்டோபர்ல..."

வண்டி ஊதியது. நிருபர் இறங்க வேண்டும். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. இவள் அக்டோபரிலிருந்து ஆரம்பித்து வேன், சுவர் பூசுவது என்று போய், ஒன்றுக்கும் உதவாமல் ஆகிவிடும் என்று நினைத்தேன். என் கூட்டத்தில் ஒரு போர் வீரரின் மனைவி இருந்தும் அவள் இப்படி மென்று விழுங்குவது எனக்கே அவமானமாக இருந்தது.

"இவங்களுக்காக நான் சொல்றேன், எழுதிக்குங்க சார். என் தாலியே போனாலும் பரவாயில்லை, ஒரு அடி மண்ணைக்கூட விட்டுக் கொடுக்கக் கூடாது. அதானேம்மா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நிருபர், கையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்துவிட்டு, நகர ஆரம்பித்த வண்டியிலிருந்து குதித்தார். என் கூட்டம் கை தட்டியது.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. பல வருஷம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். வாரா வாரம் தனக்கு அட்ரஸ் எழுதித் தருகிற அக்கா, ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கா, நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொன்னால் அவள் எப்படி மறுப்பாள்? அது எனக்குத் தெரியாதா என்ன?

மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. எங்கள் படமெல்லாம் தபால்தலை அளவுக்கு வரிசையாகக் கீழே. மேலே அரைப் பக்கத்துக்கு அவள். கை தாலியின் மேல், கண் அகல விரிந்து. கீழே கொட்டை எழுத்தில் என் வாக்கியம், அவள் பெயரில். என் சொந்தக் கருத்தை இரண்டே வரியாக வெட்டியிருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் கூட. பக்கத்துப் பகுதியிலிருந்தெல்லாம் பெண்கள் எழுந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் பேப்பரை மடியில் வைத்து, அந்த வரியின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்தபடி கிண்டி வரை உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் பேப்பரை விரித்து வைத்தேன். என் கணவர் படித்துவிட்டு, "இது அந்தப் பொண்ணு பேசின மாதிரி இல்லையே. உன் வசனம் மாதிரி இருக்கு" என்றார். உங்களுக்கு எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். என்னைச் சொல்லிக் காட்ட அவரிடம் இன்னொன்றும் இருந்தது. பிளஸ் டூ முடித்த எங்கள் பையன் அதே மாதம் ராணுவத்தில் சேர்வதற்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வந்திருந்தான். அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, கடைசித் தேதி தாண்டுகிற வரை தேடவிட்டவள் நான். ஒரு அடி மண்ணைக்கூட விடக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான், எங்கே வைத்தாயோ தெரியவில்லையேடா என்றும் சொன்னது.

அடுத்த இரண்டு நாள் அவள் வண்டிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. மளிகைக் கடைக்காரர், உன் மருமகள் பேப்பரில் வந்திருக்கிறாள் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, பெருமையாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் கடை வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாராம். நல்ல நாளில்கூட வாயில் வரக் கூடாத வார்த்தை. அதைப் புருஷன் சண்டையில் இருக்கும்போது, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் உலகத்துக்கே அச்சடித்துச் சொல்லியிருக்கிறாள் மருமகள். அன்றிலிருந்து அவள் கையால் சோறு வாங்குவதில்லை. தனியாக ஒரு அடுப்பு மூட்டி, தானே பொங்கிச் சாப்பிடுகிறார். தெருப் பெண்களும் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம்.

சொன்னது நீ இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"சொன்னேங்க்கா. படம் கீதே, கை தாலி மேல கீதே, அப்புறம் வேற யாரு சொன்னாங்கன்னு கேக்குது."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. தாம்பரத்திலிருந்து பீர்க்கன்கரணைக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். போய், அந்த அம்மாள் முன்னால் நின்று, சொன்னது நான்தான், உங்கள் மருமகள் வாயே திறக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். திட்டியிருப்பார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கூட்டத்துக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அச்சில் வந்ததைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். மாமியாரைச் சமாதானப்படுத்த மகனால்தான் முடியும். அவரே பெருமைப்பட்டு அம்மாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் சரியாகிவிடும். அட்ரஸ்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே. ஆபீஸில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் மனைவியைப் போன்ற வீரப் பெண்ணோடு தினமும் பயணம் செய்வது எங்களுக்குப் பெருமை என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். பேப்பரிலிருந்து அவள் படத்தைக் கத்தரித்து உள்ளே வைத்து அனுப்பினேன். அவளிடம் கேட்கவில்லை. நல்ல சேதி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூலைக் கடைசியில் சண்டை முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று டீச்சர் மறுபடியும் மிட்டாய் கொடுத்தார். நான் வேறு யாரையும் விட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். செத்தவர்கள் பட்டியலில் எங்கேயாவது அவர் பெயர் வந்துவிடுமோ என்று ஒரு மாதமாகத் தினமும் அதைத்தான் முதலில் தேடிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், அக்டோபரில் வந்துவிடுவார், என் வார்த்தை பலிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அவள் ஒரு இன்லண்டை என் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னாள். அவர் எழுதியது. பேப்பர் துண்டு கிடைத்ததாம். யூனிட் முழுக்கப் பார்த்தார்களாம். பெரிய ஆபீசர் அதை இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் அவருக்குக் கை கொடுத்தாராம். நீ இவ்வளவு தைரியமாக இருக்கும்போது நான் வேன் ஓட்ட வருகிறேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது என்று எழுதியிருந்தார். வேண்டாம் என்று கொடுத்திருந்த காகிதத்தை மாற்றி, இன்னும் இரண்டு வருஷம் இருக்க விருப்பம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மாவிடம் சொல்லு, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று முடித்திருந்தார்.

படித்து முடித்த பிறகும் தலையைத் தூக்க முடியவில்லை. வண்டி குரோம்பேட்டை தாண்டிக்கொண்டிருந்தது.

"அவுருக்கு யாருக்கா அனுப்புனாங்க?" என்றாள்.

நான்தான் என்றேன். உன் மாமியார் மனம் மாறட்டும் என்றுதான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அழுதிருந்தாலாவது நான் தோளைத் தொட்டுச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் இன்லண்டை என் கையிலிருந்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நான் அன்னிக்கு அந்த சார்கிட்ட இன்னா சொல்ல வந்தேன் தெரியுமாக்கா? அவுரு அக்டோபர்ல வந்துடுவாரு, அதுக்குள்ள சண்டை நின்னுட்டா போதும் சார்னு சொல்ல வந்தேன்."

உண்மையை அவருக்கு எழுதிவிடு, நானும் எழுதுகிறேன் என்றேன்.

"இன்னான்னு எழுதுறது? அவ்ளோ பெரிய ஆபீசர் கை குடுத்துகீறாரு. இப்பப் போயி, அது நான் சொன்னது இல்லன்னா அவுரு அங்க எப்படி நிப்பாரு? வுடுங்கக்கா. இனிமே நான் இன்னா எழுதினாலும் அந்தப் படத்துல கீறவ மாதிரிதான் எழுதணும்."

கிண்டி வந்தது. இறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு அட்ரஸ் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் எழுதித் தருவதாக ஒரு நாள் கேட்டபோது சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு இடம் பிடித்து வைப்பாள், அக்கா என்று கூப்பிடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செப்டம்பரில் தேர்தல் வந்தது. பெட்டியில் பேச்சு அதற்குப் போனது. பிறகு சீரியல், பிறகு மழை. வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நிற்பது, வெங்காய விலை. எல்லைக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்று குதித்த நாங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்கும் அந்த மலைகளின் பெயர் ஞாபகம் இல்லை. அக்டோபர் வந்து போனது. அவர் வரவில்லை. அது அந்தப் பெட்டியில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

மார்கழியில் அவள் மாமியார் இறந்துபோனார். நெஞ்சு வலி, ஒரே நாள். கடைசி வரை தனி அடுப்புதான் என்று கேள்விப்பட்டேன். என் பிள்ளையை வரவிடாமல் செய்தது உன் வாய்தான் என்று சாகிற வரை மருமகளைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாள் சொன்னது சரிதான். யாருடைய வாய் என்பதில் மட்டும்தான் தப்பு.

தந்தி போய், அவர் மலையிலிருந்து இறங்கி, ஜம்மு வந்து ரயில் பிடித்து, வீடு வந்து சேர்ந்தது ஆறாம் நாள். உடம்பை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். அக்டோபரில் வந்திருந்தால் இரண்டு மாதம் அம்மாவோடு இருந்திருப்பார். தன் கையாலேயே கொள்ளி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்கப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஆறு மாதத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய வீடு. வாசலில் பந்தல். மொட்டைத் தலையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்து, இவங்கதான் ரயில்ல வர அக்கா என்றாள். அவர் சட்டென்று எழுந்து கை கூப்பினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான் கத்தரித்து அனுப்பிய படம், மடிப்பெல்லாம் வெளுத்துப் போய்.

"நீங்கதானாக்கா இத அனுப்புனது? இது வரலன்னா நான் அக்டோபர்லயே வந்துட்டிருப்பேன். அம்மா மொகத்த பாக்கக் குடுத்து வெக்கல, அத வுடுங்க. ஆனா இவள நெனச்சா பெருமையா கீதுக்கா."

அவள் கதவோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பெரிய பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. சொன்னால் அவர் கையிலிருக்கும் அந்த உறை என்ன ஆகும் என்று இன்னொன்று தடுத்தது. அப்படி நினைத்ததாக இப்போது எழுதுகிறேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.